படிவத்தில் 'இல்லை' என்று டிக் அடித்தவன்

மகளைப் பள்ளியில் சேர்க்கும்போது நான்கு பக்கப் படிவம் ஒன்று கொடுத்தார்கள். மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரு கேள்வி: 'பிறக்கும்போதோ பிறந்த சில வாரங்களிலோ குழந்தைக்குக் குறிப்பிடும்படியான உடல்நலச் சிக்கல் இருந்ததா?' பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஆம், இல்லை. பேனாவை 'ஆம்' மேலே கொண்டுபோனேன். கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தேன். அப்புறம் 'இல்லை'யில் டிக் அடித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி பார்த்தாள்; ஒன்றும் சொல்லவில்லை. அந்த டிக் மூன்று வருடமாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

27 வாரத்தில் பிறந்தவள். எடை 940 கிராம். 74 நாள் என்.ஐ.சி.யு.வில், அதாவது பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். பதினோராம் நாள் இரத்தத்தில் கிருமி ஏறி, பிழைப்பாளா என்று கேட்டால் டாக்டர் பதில் சொல்லாமல் மானிட்டரைப் பார்க்கும் நிலை. இதெல்லாம் குறிப்பிடும்படியான சிக்கல் இல்லை என்று ஒருவன் எழுதினால் அவன் பொய் சொல்கிறான், அல்லது மறக்கப் பார்க்கிறான். நான் இரண்டையும் செய்தேன். இன்னொரு காரணமும் இருந்தது, அப்போது அதுதான் பெரிதாகத் தெரிந்தது. ஐந்து வயதுப் பிள்ளை வகுப்பறைக்குள் கால் வைக்கும் முன்பே அவளைப் பற்றிய ஒரு கதை அங்கே போய் உட்கார்ந்துகொள்ளக் கூடாது என்று நினைத்தேன். இப்போதும் அந்த நினைப்பு முழுத் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பதினோராம் நாள்

குறைமாதக் குழந்தைகளின் அப்பாக்கள் பலர் கணக்குப்பிள்ளை ஆகிவிடுகிறார்கள். வேறு செய்வதற்கு ஒன்றும் இருப்பதில்லை. நானும் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி நாளுக்கொரு பக்கம் எழுதினேன். எடை எவ்வளவு, குழாய் வழியே எத்தனை மில்லி பால் போனது, மூச்சு நின்று மானிட்டர் எத்தனை தடவை அலறியது. முதல் பத்து நாளும் ஒழுங்கான கையெழுத்து. பத்தாம் பக்கத்தில், 'இரண்டு மணிக்கொரு தடவை 3 மில்லி, கக்கவில்லை' என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன்.

பதினோராம் நாள் காலையில் முதலில் கண்டுபிடித்தது கருவி எதுவும் இல்லை. ராத்திரி ஷிப்ட் முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்த சிஸ்டர் இன்குபேட்டர் பக்கம் வந்து நின்று, "இன்னைக்கு இவ ஆளே சரியில்லையே" என்றார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவர் கை நுழைக்கும் வட்டத்தைத் திறந்து, விரலை உள்ளே விட்டு, குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினார். முந்தைய நாள் வரை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும் கால். அன்றைக்கு அது ஏதோ மரியாதைக்கு நகர்வதுபோல் நகர்ந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். தோல் சாம்பல் பூத்து, வலை பின்னியதுபோல் திட்டுத்திட்டாக இருந்தது. வயிறு லேசான உப்பல். அரைமணி நேரத்துக்குள் இதயத்துடிப்பு இறங்குவதும் ஏறுவதுமாக ஆட ஆரம்பித்தது. பெரியவர்களுக்குத் தொற்று என்றால் காய்ச்சல் கொதிக்கும். இவ்வளவு சிறியதுகளுக்குக் காய்ச்சல் வந்தே ஆகவேண்டும் என்றில்லை, உடம்பு சில்லிட்டுப் போவதும் அறிகுறிதான். 'ஆள் சரியில்லை' என்ற அந்தச் சிஸ்டரின் கண்ணுக்கு நான் இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன்.

மத்தியானத்துக்குள் மறுபடி வென்டிலேட்டர். இரத்த அழுத்தம் விழுந்தது, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் சரிந்தன. மறுநாள், இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சரில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்திருக்கிறது என்றார்கள். நிலைமை கொஞ்சம் தேறியதும் முதுகில் நீர் எடுத்துப் பார்த்ததில் மூளைக்காய்ச்சல் இல்லை. தலை ஸ்கேனில் இரத்தக் கசிவு இல்லை. ஆன்டிபயாடிக் 14 நாள். நோட்டில் 11, 12, 13 ஆகிய மூன்று பக்கங்களிலும் தேதி மட்டும் இருக்கிறது. பதினான்காம் பக்கத்தில் ஒரே வரி: 'காலை இழுத்துக்கொண்டாள்.'

அந்த நாட்களில் யாரிடமாவது சண்டை போடவேண்டும்போல் இருந்தது, போடவும் செய்தேன். எல்லாம் ஆறிய பிறகு படித்துத் தெரிந்துகொண்டதில் கோபம் பாதி அடங்கியது. தாயின் எதிர்ப்புப் புரதங்கள் பெரும்பங்கு குழந்தைக்குப் போய்ச் சேர்வது கடைசி மூன்று மாதத்தில். இவள் அம்மா கட்டிக்கொடுக்கும் முன்பே கிளம்பி வந்துவிட்டாள். தோல் நனைந்த காகிதம் மாதிரி. உயிரைக் காப்பாற்றப் போட்ட குழாய்களே கிருமிக்கு வாசல். பிறந்து 72 மணி நேரத்துக்குள் வருகிற தொற்று பெரும்பாலும் தாயிடமிருந்து வருவது. அதைத் தாண்டி வருவது பெரும்பாலும் சுற்றுப்புறத்திலிருந்து, கைகளிலிருந்து, குழாய்களிலிருந்து வருவது. என் கையாகவும் இருந்திருக்கலாம். அந்த நினைப்பு வந்த பிறகு யாரிடமும் சண்டை போடத் தோன்றவில்லை.

'குணமடைந்தது'

டிஸ்சார்ஜ் சம்மரி எட்டுப் பக்கம். அதில் அந்த மூன்று நாளுக்குக் கிடைத்த இடம் ஒரு வரி. கிருமியின் பெயர், மருந்தின் பெயர், 14 நாள், குணமடைந்தது. கிருமி போய்விட்டது என்ற அளவில் அது சரிதான். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனதா என்பதை அந்த வரி சொல்லவில்லை. எழுதியவருக்கும் அன்று அது தெரிந்திருக்க வழியில்லை.

தொற்று மூளைக்குள் போகவில்லை என்றால் மூளை தப்பித்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். கர்ப்பத்தின் 24 வாரத்திலிருந்து 32 வாரம் வரை மூளையின் உட்பகுதியில் ஒரு வகைச் செல்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன. நரம்பிழைகளைச் சுற்றி உறை போடப்போகும் செல்கள் இவை. மின்கம்பிக்கு மேல் ரப்பர் சுற்றுகிற வேலை. முதிராத பருவத்தில் இவை தொட்டாற்சிணுங்கிகள். உடம்பில் எங்கோ தொற்று வந்தால் அதை எதிர்க்க உடம்பு கொட்டுகிற அழற்சிப் பொருட்களே இவற்றைப் பாதித்துவிடும். இரத்த அழுத்தம் விழும்போது மூளைக்குப் போகும் இரத்தம் குறைவது இன்னோர் அடி. இவற்றில் எத்தனை செத்தன, எத்தனை சாகாமல் வளர்ச்சி மட்டும் நின்றன என்பதைத் தலை உச்சியில் வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் அவ்வளவாகக் காட்டாது. 'ஸ்கேன் நார்மல்' என்ற இரண்டு சொல்லை நாங்கள் எத்தனை பேருக்குப் போன் போட்டுச் சொல்லியிருப்போம்!

2004இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஒரு கிலோவுக்குக் குறைவாகப் பிறந்து பிழைத்த 6,093 குழந்தைகள். அவர்களில் 65 சதவீதம் பேருக்கு ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு தடவையாவது தொற்று வந்திருந்தது. பதினெட்டு மாதத்திலிருந்து இருபத்திரண்டு மாதத்துக்குள் பரிசோதித்தபோது, தொற்று வந்தவர்களிடம் மூளை முடக்குவாதம், வளர்ச்சிச் சோதனையில் குறைந்த மதிப்பெண், பார்வைக் குறைபாடு ஆகியவை அதிகம் இருந்தன. மூளைக்காய்ச்சல் இல்லாமல் இரத்தத்தில் மட்டும் தொற்று இருந்தவர்களும் இதற்கு விலக்கில்லை. ஒரு ராத்திரி இதைப் படித்து முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த மனைவியை எழுப்பிச் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள். "அந்த ஆறாயிரம் பேர்ல நம்ம பொண்ணு இல்லல்ல? படுங்க" என்றாள். புள்ளிவிவரத்துக்கு இதைவிடச் சுருக்கமான பதிலை நான் கேட்டதில்லை. ஆனால் தூக்கம் வரவில்லை.

இனிமேல் வரவேண்டாம்

ஃபாலோ-அப் கிளினிக்குக்கு ஒரு தடவையும் தவறாமல் போனோம். குறைமாதக் குழந்தைகளுக்கு இரண்டு வயது. பிறந்த தேதிப்படி ஒன்று, பிறந்திருக்கவேண்டிய தேதிப்படி இன்னொன்று. இரண்டாவதுக்குத் திருத்திய வயது என்று பெயர். மூன்று மாதத்தில் கைகால் நெளிவதைப் பார்த்தார்கள். அந்தச் சின்னச் சின்ன நெளிவில்தான் முடக்குவாதம் வருமா என்பது முன்கூட்டியே தெரியும் என்றார்கள். நெளிவு நன்றாகவே இருந்தது. பதினைந்து மாதத்தில் நடந்தாள். திருத்திய வயது இரண்டில் பெரிய சோதனை. கட்டைகளை அடுக்கினாள், வட்டத்தை வட்டக் குழியில் போட்டாள், பொம்மையின் மூக்கைக் காட்டச் சொன்னால் டாக்டரின் மூக்கைத் தொட்டாள். சராசரி 100 என்றால் இவளுக்கு 95. "ரொம்ப நல்லா இருக்கா. இனிமே இங்க வரவேண்டாம்" என்றார் டாக்டர். உலகத்தில் 'வரவேண்டாம்' என்ற சொல் இனித்தது எனக்கு அந்த ஒரு தடவைதான்.

இரண்டு வயதுச் சோதனை இரண்டு வயதில் தெரிவதைத்தான் பார்க்கும் என்பது அப்போது உறைக்கவில்லை. இரண்டு வயதுக் குழந்தையிடம் யாரும் 'நோட்டை எடு, பதினாலாம் பக்கத்தைத் திருப்பு, மூன்றாம் கணக்கைப் போடு' என்று சேர்ந்தாற்போல் சொல்வதில்லை. மூன்று விஷயத்தை மனதில் நிறுத்திக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்யும் திறமை பின்னால் வளர்வது. வளராத ஒன்றில் குறை தெரியாது. இதன் மறுபக்கமும் உண்டு. 2005இல் வந்த இன்னோர் ஆய்வில், ஒரு கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தவர்களில் இருபது மாதத்தில் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்கள் 39 சதவீதம். அதே குழந்தைகளை எட்டு வயதில் பார்த்தபோது 16 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஆக, இரண்டு வயதில் கிடைக்கிற கெட்ட செய்தியையும் அப்படியே நம்பவேண்டியதில்லை, நல்ல செய்தியையும் அப்படியே நம்பவேண்டியதில்லை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1995இல் மிகக் குறைமாதத்தில் பிறந்தவர்களைப் பத்தொன்பது வயது வரை தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். ஆராய்ச்சிக்காரர்களுக்கு இருக்கும் அந்தப் பொறுமை கிளினிக்குகளுக்கு இருப்பதில்லை. நடக்கிறாளா, பேசுகிறாளா, சரி, போய்வாருங்கள். என் குறை அதுதான். கை காலில் தெரிகிற பிரச்னை பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் தெரிந்துவிடுகிறது. கவனம், ஞாபகம், கணக்கு, நாலு பேரோடு பழகுவது, இதெல்லாம் பள்ளிக்கூடம் போன பிறகுதான் வெளியே வருகிறது. பார்க்கவேண்டிய நேரத்தில் பார்க்க ஆள் இல்லை.

டீச்சர் கேட்டது

மூன்றாம் வகுப்பில் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். மேசை மேல் இவளுடைய நோட்டு விரித்து வைத்திருந்தது. கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதவேண்டிய எட்டு வரி. முதல் வரி அழகாக இருந்தது. இரண்டாவதில் நடுவில் இரண்டு சொல் காணோம். மூன்றாவது வரி ஐந்தாவது வரியின் பாதியோடு ஒட்டியிருந்தது. அதற்கப்புறம் ஓரத்தில் ஒரு பூனை. பூனை பிரமாதமாக இருந்தது.

"நல்லாப் படிக்கிறா சார். வாய்விட்டுப் படிக்கச் சொன்னா கிளாஸ்லயே இவதான் முதல். எழுதச் சொன்னா இப்படி. மூணு வேலை சொன்னா கடைசியாச் சொன்னத மட்டும் செய்றா. கணக்குல கடன் வாங்குனா, வாங்குனதையே மறந்துடறா. வேணும்னே பண்றாளோன்னு..." என்று இழுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "வீட்ல ஏதாவது பிரச்னையா?" என்றார்.

வீட்டில் பிரச்னை இல்லை என்றேன். உண்மை. அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். நோட்டின் ஓரத்திலிருந்த பூனையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏனோ அந்த உள்ளங்கால் ஞாபகம் வந்தது. 27 வாரம் என்று ஆரம்பித்தேன். 940 கிராம் என்றேன். பதினோராம் நாளைச் சொன்னேன். சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. அவர் நடுவில் ஒன்றும் கேட்கவில்லை. முடித்ததும் நோட்டை மெதுவாக மூடினார். பரிதாபமாகப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன், அதற்குப் பயந்துதானே 'இல்லை' போட்டேன். அவர் முகத்தில் இருந்தது கோபம்.

"ஏன் சார் முன்னாடியே சொல்லல? நாலு மாசமா நான் இந்தப் புள்ளயத் திட்டிக்கிட்டு இருக்கேன். போன வாரம் எழுதி முடிக்கலன்னு விளையாட விடாம கிளாஸ்லயே உட்காரவச்சேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. என்ன சொல்வது என்று தெரியாமல் "சாரி மிஸ்" என்றேன். எட்டு வயதுப் பிள்ளை மாதிரி. அவள் பெயரோடு ஒரு கதை வகுப்பறைக்குப் போகக் கூடாது என்று தடுத்தேன் அல்லவா? கதை இல்லாத இடத்தில் வேறு கதை வந்து உட்கார்ந்துவிட்டது. சோம்பேறி, அலட்சியக்காரி, வேண்டுமென்றே செய்கிறவள். அந்தக் கதையை எழுதியவர் டீச்சர் இல்லை.

அவள் இதை வீட்டில் சொல்லவே இல்லை என்பது வெளியே வந்து வண்டியை எடுக்கும்போதுதான் உறைத்தது. விளையாட விடவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாயங்காலம் கேட்டேன். "நான்தானேப்பா எழுதல" என்றாள்.

எதனால்?

அப்புறம் முறையாகச் சோதித்துப் பார்த்தோம். சொல்வளம் சராசரிக்கு மேலே. மனதில் நிறுத்திக்கொண்டு வேலை செய்யும் ஞாபகமும், செய்கிற வேகமும் நன்றாகவே கீழே. கண் பார்வை சரி. காதையும் மறுபடி சோதித்தார்கள். அவளுக்கு அன்று கொடுத்த அமிகாசின் மாதிரியான மருந்துகள் உள்காதைப் பாதிக்கக் கூடியவை. பிறந்தபோது சோதனையில் தேறிய குழந்தைக்கும் பின்னால் இன்னொரு தடவை பார்ப்பது நல்லதாம். இதை டிஸ்சார்ஜின்போது ஒருவர் வாய் வார்த்தையாகச் சொல்லியிருந்தால் நாங்கள் என்றைக்கோ பார்த்திருப்போம். காது தப்பித்திருந்தது.

"இதெல்லாம் அந்தத் தொற்றாலயா?" என்று சோதித்த உளவியலாளரிடம் கேட்டேன். பிரித்துச் சொல்ல முடியாது என்றார். சீக்கிரம் பிறந்தது, வென்டிலேட்டர், தொற்று, வாரக்கணக்கில் சரியாகப் பால் ஏறாதது எல்லாம் ஒரே நூல்கண்டு. குறைமாதத்தில் பிறந்தவர்களிடம் கவனக்குறைவு, பதற்றம், நாலு பேரோடு கலக்கத் தயக்கம், கணக்கில் தடுமாற்றம் ஆகியவை சேர்ந்து வருவது தொற்றே வராதவர்களிடமும் உண்டு. தொற்று அந்தச் சாத்தியத்தைக் கூட்டுகிறது. இத்தனையையும் கேட்டுவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னேன். "நீயும் அப்படித்தான்டா இருந்த. மூணு சாமான் வாங்கிட்டு வரச் சொன்னா ஒண்ணோட வருவ" என்றார். நான் நிறைமாதத்தில், மூன்றேகால் கிலோவில் பிறந்தவன். கிளெப்சியெல்லா மேல் போட்டிருந்த வழக்கு அதோடு கொஞ்சம் பலவீனப்பட்டது.

தொற்றைத் தடுக்கவும், வந்தபின் சேதத்தைக் குறைக்கவும் மருத்துவர்கள் முயலாமல் இல்லை. எதிர்ப்புப் புரதங்களைச் சிரை வழியே ஏற்றினால் பலன் இருக்குமா என்று 3,493 பச்சிளம் குழந்தைகளிடம் பார்த்த ஆய்வு 2011இல் வந்தது. இரண்டு வயதில் இறப்போ பெரிய ஊனமோ இருந்தவர்கள், மருந்து கொடுத்த பக்கம் 39 சதவீதம், கொடுக்காத பக்கமும் 39 சதவீதம். தாய்க்கு இருப்பது குழந்தைக்கு வரவில்லை என்றால் நாமே ஊற்றிவிடலாம் என்பது எவ்வளவு நியாயமான யோசனை! பலித்தது எல்லாம் சாதாரணமாகத் தோன்றுகிறவை. கை கழுவுவது, தாய்ப்பால், குழாயைத் தேவை முடிந்த அன்றே எடுத்துவிடுவது, தோலோடு தோல் சேர்த்து நெஞ்சில் போட்டுக்கொள்வது. 1978இல் பொகோட்டாவில் எட்கர் ரே என்ற மருத்துவர் இன்குபேட்டர் பற்றாக்குறையால் ஆரம்பித்த அந்தக் கங்காரு முறையை, 2021இல் வந்த ஆய்வு பிறந்த உடனேயே தொடங்கிப் பார்த்தது. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளிடம், முதல் 28 நாள் இறப்பு 25 சதவீதம் குறைந்தது. எங்களுக்கு இருபத்தாறாம் நாள்தான் கிடைத்தது. நோட்டில் அன்றைய பக்கத்தில் எண் எதுவும் இல்லை, மனைவியின் கையெழுத்தில் 'சூடாக இருந்தாள்' என்று இருக்கிறது.

டீச்சர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. முதல் வரிசைக்கு மாற்றினார். கரும்பலகையில் எழுதுவதை ஒரு தாளில் எழுதி மேசை மேலேயே வைத்தார், கண் நிமிர்ந்து இறங்குவதற்குள் தொலைந்துபோகிற சொற்கள் தொலையாமல் இருக்க. வேலையை ஒவ்வொன்றாகச் சொன்னார். கணக்கில் கடன் வாங்கினால் சிவப்புப் பென்சிலால் மேலே எழுதிவைக்கச் சொன்னார். எல்லாம் சரியாகிவிடவில்லை. எட்டு வரிக்கு இப்போது ஆறரை வரி வருகிறது, பூனை இன்னும் வருகிறது. நோட்டைத் தானாகவே வந்து காட்டுகிறாள்; முன்பு ஒளித்துவைப்பாள்.

இந்த மாதம் வேறு பள்ளிக்கு மாற்றவேண்டி வந்தது. புதுப் படிவம், கிட்டத்தட்ட அதே கேள்வி. 'ஆம்' என்று டிக் அடித்தேன். கீழே 'ஆம் எனில் விவரிக்கவும்' என்று ஒரே ஒரு கோடு விட்டிருந்தார்கள். எழுதினேன், ஓரத்தைத் தொட்டது. தனித்தாள் எடுத்து எழுதினேன், முக்கால் பக்கம் வந்தது. மனைவி வாங்கிப் படித்தாள். பேனாவைப் பிடுங்கி 'பாதிப்பு' என்ற சொல்லை மூன்று இடத்தில் அடித்தாள். அப்புறம் மூளையைப் பற்றிய பத்தி முழுவதையும் அடித்தாள். மிஞ்சியது இது: '27 வாரத்தில் பிறந்தவள். பதினோராம் நாள் இரத்தத்தில் கடுமையான தொற்று வந்து தேறினாள். நன்றாகப் படிப்பாள். ஒரு நேரத்தில் ஒரு வேலை சொன்னால் செய்துவிடுவாள்.'

தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து மகள் கடைசி வரியைச் சத்தமாகப் படித்தாள். "ரெண்டு சொன்னாலும் செய்வேன்பா" என்றாள். சரி, இந்தப் பேனாவை உள்ளே வைத்துவிட்டு விளக்கை அணைத்துவிட்டு வா என்று சொல்லிவிட்டு நாங்கள் எழுந்து போனோம். விளக்கு அணைந்தது. காலையில் பார்த்தேன், பேனா மேசை மேலேயே கிடந்தது.